முடக்குவாதத்துக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஆபத்தா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் உங்கள் தாயாருக்கு வயது 52, எடை 43 கிலோ. இரண்டு ஆண்டுகளாக முடக்குவாதம். கோயம்புத்தூரில் பார்க்கும் மூட்டுவாத நிபுணர், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலம், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், காலையில் பிரெட்னிசோலோன் 5 மி.கி. என்று கொடுத்துவந்தார். விரல் கணுக்களில் வீக்கம் வற்றாததால் இம்முறை சல்ஃபாசலாசைனையும் சேர்த்திருக்கிறார். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை இப்படி மூன்றும் நான்குமாகக் கொடுத்தால் உடம்பு தாங்குமா, ஒன்றை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், நீர்க்கடுப்புக்காக உள்ளூர் கிளினிக்கில் ஐந்து நாளைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான். ஆகவே மற்றதைப் படிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் அந்த மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். அதில் கோட்ரைமாக்ஸசோல் என்றோ, டிரைமெத்தோபிரிம் என்றோ, சல்ஃபாமெத்தாக்ஸசோல் என்றோ இருந்தால், அடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, இன்றைக்கே நிபுணரையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ அணுகி, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் புண், காய்ச்சல், தோலில் காரணமில்லாத கன்றிப்போன தழும்புகள், பல் துலக்கும்போது இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் உடலின் செல்கள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் வழியை அடைக்கிறது. டிரைமெத்தோபிரிமும் அதே வழியில்தான் குறுக்கே நிற்கிறது. அத்துடன் மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரில் வெளியேறுவதையும் அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிடும். சில நாள் மாத்திரையிலேயே வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அபாய அளவுக்கு இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அட்டையில் வேறு பெயர் இருந்தால் இவ்வளவு அவசரமில்லை; அடுத்த மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டு, உட்கார்ந்து மீதியைப் படிக்கலாம்.

நான் மருத்துவன் அல்லன். நீலகிரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது உங்கள் நிபுணரின் தீர்ப்பு. ஆனால் மருந்து கொடுக்கும் சாளரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே மருத்துவர் யோசித்து ஒரே சீட்டில் எழுதிய கூட்டு மருந்துகளால் பெரிய சேதம் வந்து நான் பார்த்தது அரிது. கோயம்புத்தூரில் ஒன்று, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் தந்த சூரணம் ஒன்று என்று, யாரும் திட்டமிடாமல் ஒரே வயிற்றில் போய்ச் சேரும் கூட்டுதான் ஆளைச் சாய்க்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றையும் ‘நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தப் பயம் பெரிதாகிறது. முடக்குவாதத்தில் உடலின் பாதுகாப்புப் படை, மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அந்த அரிப்பைத் தடுக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்ஸேட் ஓரளவு எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது உண்மை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலாசைனும் நோயின் வேகத்தைத் தணிக்கின்றனவே தவிர, கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. மூன்றும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்கின்றன. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினின் முதன்மையான பக்கவிளைவு விழித்திரையில் என்பதால் அது மற்ற இரண்டின் சுமையோடு சேர்வதில்லை. ஒரு மருந்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றுவதைவிட, மூன்றை நடுத்தர அளவில் சேர்ப்பது பல வேளைகளில் உடலுக்கு இலேசானது.

இது யாரோ ஒருவர் துணிந்து செய்துபார்க்கும் புதுமையும் இல்லை. இதே மூன்று மருந்துகளின் கூட்டு, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனியாகக் கொடுப்பதைவிடவும் மற்ற இரண்டை மட்டும் கொடுப்பதைவிடவும் நன்றாக வேலை செய்கிறது என்றும், பக்கவிளைவுகள் அதற்கேற்ப ஏறிவிடவில்லை என்றும் 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாதவர்களுக்கு இந்த மூன்றின் கூட்டைக் கொடுத்தாலும், விலையுயர்ந்த எட்டானெர்செப்ட் ஊசியை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும், பலன் ஏறத்தாழ ஒன்றே என்று 2013-இல் வேறொரு ஆய்வு காட்டியது. கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் செய்தியின் அருமை தெரியும்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு நேர்வதெல்லாம் பெரும்பாலும் அதில்தான். இணையத்தில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று வரும். உண்மைதான்; ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு பல நூறு, சில வேளை பல ஆயிரம் மி.கி.; முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரைதான். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில்தான் 1940-களில் ஃபோலிக் அமிலமும், அதை எதிர்த்து வேலை செய்யும் இந்த மருந்துக் குடும்பமும் உருவாயின. இன்று அவை இரண்டும் உங்கள் தாயாரின் பையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் உறைப்பை மற்றொன்று தணிக்கிறது. ஃபோலிக் அமிலம் சத்து மாத்திரைதானே, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் ஏறுவது ஆகியவற்றைக் குறைப்பது அந்த மாத்திரையே. வழக்கமாக அதை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் நாளைத் தவிர்த்து வேறு நாளிலோ நாள்களிலோ கொடுப்பார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. தினமும் மாத்திரை விழுங்கிப் பழகிய நாட்டில் வாரம் ஒருமுறை என்பது மனத்தில் நிற்பதில்லை. ஒருமுறை குன்னூரில் ஒரு பெரியவர், பத்து நாள் முன்பு வாங்கிய அட்டை தீர்ந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று வந்து நின்றார். பத்து மாத்திரை பத்து வாரத்துக்கு வர வேண்டியது. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் ஓரமெல்லாம் வெந்ததுபோல் இருந்தது, கஞ்சிகூட இறங்கவில்லை என்றார். உடனே அனுப்பிவைத்ததால், முறிவு மருந்தான ஃபோலினிக் அமிலம் கொடுத்து, பல நாள் படுக்கையில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான். ‘ஃபோல்’ என்று தொடங்கும் இரண்டு பெயர்களில் எது எது என்று மாறிப்போயிருந்தது. ஃபோல்வைட் என்பது ஃபோலிக் அமிலம். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்ஸேட். பெயர்கள் காதுக்கு அண்ணன் தம்பிபோல் ஒலிக்கும்.

இன்னொரு கண்ணியையும் கவனியுங்கள். 15 மி.கி. என்பதைச் சிலர் 2.5 மி.கி. மாத்திரையாக ஆறு என்று எழுதுவார்கள். கடையில் 2.5 இல்லை என்று 10 மி.கி. அட்டையைக் கொடுத்துவிட்டால், வழக்கம்போல ஆறு என்று எண்ணிப் போட்டால் அது 60 மி.கி. ஆகிவிடும். ஆகவே முடிந்தால் 15 மி.கி. ஒரே மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு அளவு மட்டுமே வீட்டில் இருக்கட்டும். கிழமையைச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு விடுமுறையான ஞாயிறு இரவு என்றால் மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அசதியாக இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் கேட்கலாம். மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிடுவதே சரி, அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இங்கேதான் நம் தோட்டங்களின் நிலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலைச்சரிவில் காலையிலிருந்து மாலை வரை நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததால், தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. குளிரில் தாகமும் எடுப்பதில்லை. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். நீர்க்கடுப்பு வந்தால் உள்ளூரில் ஆன்டிபயாடிக், அதோடு மெத்தோட்ரெக்ஸேட், நீரில்லாத சிறுநீரகம் என்று எல்லாம் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. ஆய்வகச் சீட்டில், தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.0 என்று இருந்தால், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருப்பதால் எல்லோரும் நிம்மதி அடைந்துவிடுவார்கள். ஆனால் 52 வயதில் 43 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, மருந்து அளவைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு ஏறத்தாழ 45 மில்லிதான் வருகிறது. தசை குறைந்த உடம்பில் கிரியாட்டினினே குறைவாகத்தான் உண்டாகும் என்பதால் எண் நம்மை ஏமாற்றுகிறது. இந்த அளவில் மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைக்க வேண்டிவரலாம். உங்கள் தாயாரின் எண் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது, எடையை வைத்துக் கணக்கிட்டீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள், தவறாக எண்ணமாட்டார்.

இதனால்தான் வலி மாத்திரைகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் போன்றவற்றை முடக்குவாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டோடு மருத்துவர்களே எழுதுவதுண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்து, பரிசோதனையும் நடந்துகொண்டிருந்தால் அது ஏற்கத்தக்கது. நிபுணர் எழுதிய ஒன்றின்மேல் கடையில் வாங்கிய இன்னொன்று, அதற்குமேல் கிளினிக்கில் ஓர் ஊசி என்று அடுக்கும்போதுதான் வயிற்றில் இரத்தக் கசிவும் சிறுநீரகச் சேதமும் வருகின்றன. பிரெட்னிசோலோனும் உள்ளே இருக்கும்போது வயிற்றுப் புண் அபாயம் இன்னும் கூடும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் நிபுணருக்குச் சொல்ல வேண்டும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பற்றி: மூன்றில் இதுவே சாது. ஆனால் சாதுவுக்கும் அளவு உண்டு. எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைய விதி. 43 கிலோவுக்கு 215 மி.கி. ஆகவே நாளொன்றுக்கு 200 மி.கி. ஒரு மாத்திரைதான் சரி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று 400 மி.கி. எழுதப்பட்டிருந்தால், அது 80 கிலோ ஆளின் அளவு, கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கூடுதல் அளவு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் விழித்திரை பழுதாகும், பழுதானது திரும்பாது. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் இதோடு அசித்ரோமைசினைச் சேர்க்கும்போது கவனம் தேவை. சளி இருமலுக்கு அந்த ஆன்டிபயாடிக்கைத்தான் இங்கே எல்லோரும் முதலில் கேட்டு வாங்குகிறார்கள். நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் சின்கோனா மரத் தோட்டமும், அதன் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனை எடுக்கும் ஆலையும் இருந்ததால், இது அந்தப் பட்டையிலிருந்து எடுப்பதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை, மலேரியாவுக்காக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட மருந்துகளின் வழிவந்தது இது. அந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலருக்கு மூட்டு வலியும் தோல் தடிப்பும் குறைந்ததைக் கவனித்த பிறகே முடக்குவாதத்துக்கு வந்து சேர்ந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் சல்ஃபாசலாசைனும் பழைய மருந்துதான். சுவீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் முடக்குவாதத்துக்காகவே முயன்று உருவாக்கியது. நாளுக்கு 500 மி.கி. என்று தொடங்கி வாரம் ஒரு மாத்திரையாக ஏற்றி 2 கிராமுக்குக் கொண்டுபோவது வழக்கம். எடுத்த எடுப்பிலேயே முழு அளவு போட்டால் குமட்டலில் வெறுத்துவிடுவார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் வெள்ளணுக்கள் இறங்குகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். கோட்ரைமாக்ஸசோலும் சல்ஃபா, இதுவும் சல்ஃபா, அது கூடாதென்றால் இது எப்படிச் சரி என்று நீங்கள் கேட்கக்கூடும். மெத்தோட்ரெக்ஸேட்டோடு பெரிதும் மோதுவது அந்த மாத்திரையிலுள்ள டிரைமெத்தோபிரிம். சல்ஃபாசலாசைனில் அது இல்லை. ஆனால் சல்ஃபா மருந்தால் முன்பு உடம்பில் தடிப்போ கொப்புளமோ வந்தவர்களுக்குச் சல்ஃபாசலாசைனும் ஆகாது. உடம்பில் அப்படித் தடிப்பு வந்து, கூடவே வாயும் கண்ணும் புண்ணானால் மாத்திரையை அக்கணமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீலகிரிக்கென்று இன்னொரு குறிப்பு. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தக் கோளாறு முதன்முதலில் 1952-இல் இந்த மலைகளின் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், குறும்பர், இருளர் சமூகத்தினருக்குக் கை கால் எலும்பு வலி வந்தால், முடக்குவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குச் சல்ஃபாசலாசைன் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குடும்பத்தில் யாருக்கேனும் அக்குறை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது; பொருந்தக்கூடியவர்களும் படிப்பார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

பிரெட்னிசோலோன் தற்காலிகப் பாலம். மற்ற மருந்துகள் வேலையைத் தொடங்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கையை மடக்கி நீட்ட வைப்பது இதுவே. மிக வேகமாகப் பலன் தருவதால் மக்கள் இதைத்தான் நல்ல மாத்திரை என்று நம்பி, மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் கடையில் வாங்கித் தொடர்கிறார்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தொற்று எளிதில் பிடிக்கும். தொற்று அபாயத்தில் இந்த நான்கில் முதல் குற்றவாளி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், மயங்கி விழ நேரும்.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. மூட்டு வலிக்கு என்று சீட்டில்லாமல் விற்கும் சில சூரணங்களிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வீக்கம் வற்றினால் சந்தேகப்படுங்கள். கொரோனாக் காலத்திலிருந்து சீந்தில் கொடியை எதிர்ப்புச் சக்திக்காகக் குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே தன்னுடலைத் தாக்கும் வகை நோய்கள் இருந்தன. ஒரு பக்கம் அடக்கும் மருந்தும் மறுபக்கம் தூண்டும் கஷாயமும் ஒரே வயிற்றுக்குள் வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர் குளிருக்கு என்று கொஞ்சம் சாராயம் குடிப்பதும் அதே கல்லீரலின் கணக்கில்தான் ஏறும்.

இந்த மூன்றும் போதாமல் போனால் அடுத்து என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். லெஃப்லுனமைடைச் சிலர் மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ப்பார்கள். இரண்டும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பதால் பரிசோதனையைத் தவறவிடாதவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். உடலில் அது மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டு வரைகூடத் தங்கும். அடாலிமுமாப், எட்டானெர்செப்ட், ரிட்டுக்சிமாப் போன்ற, உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் ஊசிகளை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ப்பது வழக்கமானது, நல்லதும்கூட. அடாலிமுமாப் போன்ற ஊசிக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதை மெத்தோட்ரெக்ஸேட் குறைக்கிறது. ஆனால் இரண்டு உயிரியல் ஊசிகளை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. எட்டானெர்செப்டோடு அனகின்ரா என்ற இன்னோர் உயிரியல் ஊசியைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் பலன் கூடவில்லை, கடுமையான தொற்றுதான் கூடியது. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் இப்போது நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை உயிரியல் ஊசியோடும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசத்தியோபிரினோடும் சேர்க்கக் கூடாது. ஐம்பது வயதைக் கடந்து இதய நோய்க்கான காரணிகளும் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையால் மாரடைப்பும் புற்றுநோயும் சற்று அதிகம் வந்ததை 2022-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது என்பதால், உங்கள் தாயாரின் வயதில் அதை முதலில் நாட மாட்டார்கள். அசத்தியோபிரின் சாப்பிடுகிறவருக்கு யூரிக் அமிலத்துக்கென்று அலோபியூரினால் எழுதப்பட்டால், அது கோட்ரைமாக்ஸசோல் கதையைப்போலவே முடியும்.

ஊசிக்கோ டோஃபாசிட்டினிபுக்கோ போவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். நம் நாட்டில் நிறையப் பேரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சிறைவைத்திருக்கும் சுவரைத்தான் அடாலிமுமாப், எட்டானெர்செப்ட் போன்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் இடிக்கின்றன. மார்பு எக்ஸ்ரேயும், மான்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனையும் எடுத்து, உறங்கும் கிருமி இருந்தால் தடுப்பு மருந்தைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசி போடுவார்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அப்படியே. ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்; ஊட்டியில்தான் எப்போதும் குளிர்ச்சியாயிற்றே என்று ஜன்னலோரத்தில் வைத்த ஒருவரைத் தெரியும். பகல் வெயிலும் ஆகாது, உறைபனியில் உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும்.

இரத்தப் பரிசோதனைக்காக ஒவ்வொரு முறையும் மலை இறங்க வேண்டியதில்லை. புது மருந்து சேர்ந்த முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின் ஆகிய மூன்றும் போதும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள அரசு மருத்துவமனையில் எடுத்து, முடிவைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். தேதி, எண்கள், எடை மூன்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவந்தால், வெள்ளணுக்கள் 7,000-லிருந்து 5,500, பிறகு 4,200 என்று இறங்கிக்கொண்டிருப்பது, எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே கண்ணில் படும்.

காய்ச்சல் வந்தாலோ ஆன்டிபயாடிக் தொடங்கினாலோ அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்பது பொது விதி. ஒரு வாரம் விட்டதால் மூட்டு கெட்டுப்போகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடரலாம், பிரெட்னிசோலோனை விடக் கூடாது. வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினால் பனிக்காலத்து இருமல் என்று ஒதுக்காதீர்கள். அரிதாக மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலையே தாக்கும், காசநோயாகவும் இருக்கலாம். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா ஆகியவற்றுக்கான, உயிருள்ள கிருமி இல்லாத வகைத் தடுப்பூசிகள் நல்லவை. நாயோ குரங்கோ கடித்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தயங்காமல் போட வேண்டும். இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர் என்று அங்கே சொன்னால், சிறு கீறலாக இருந்தாலும் இம்யூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்பொருளை நேரடியாகத் தரும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

இதே மருந்துகளைச் சாப்பிடும் இளம் பெண்கள் படித்தால்: மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்லுனமைடும் கருவைச் சிதைக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலாசைனும் கர்ப்பத்திலும் தொடரக்கூடியவை.

ஒன்றை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: மேலே சொன்ன ஆன்டிபயாடிக், காய்ச்சல், தடிப்பு போன்ற நிலைகளைத் தவிர, இப்போது எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சல்ஃபாசலாசைனுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். வீக்கம் வற்றி, காலை விறைப்பு குறைந்து, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கினால், முதலில் விடைபெற வேண்டியது பிரெட்னிசோலோன். அதுவும் மருத்துவர் சொல்லும் வேகத்தில், படிப்படியாக. அதன் பிறகு ஆறு மாதமாவது நோய் அடங்கியே இருந்தால் மற்றவற்றில் ஒன்றைக் குறைப்பது பற்றிப் பேசலாம். பேசப் போகும் அன்று, சீட்டுகளோடு வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்த நீர்க்கடுப்பு மாத்திரையின் காலி அட்டை உட்பட, பையில் போட்டுக்கொண்டு போங்கள்.